குளியலறைக் கூரை விளக்கை மாற்றுவதும் ஒளியைக் குறைப்பதும்: டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டியவை

குளியலறையைப் புதுப்பிப்பது என்று முடிவானதும் டைல்ஸ் கடையில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நிற்கிறோம். குழாய்க்கு ஒரு நாள், கண்ணாடிக்கு ஒரு நாள் போகிறது. விளக்கு மட்டும் கடைசி நாளில், எலக்ட்ரீசியன் ஏணிமேல் நின்றுகொண்டு "எத்தனை வாட் போடட்டும் சார்?" என்று கேட்கும்போதுதான் நினைவுக்கு வருகிறது. அதற்குள் சுவரில் டைல்ஸ் ஏறிவிட்டிருக்கும். புதிதாக ஒரு வயர் இழுக்க வேண்டுமென்றால் நேற்று ஒட்டியதை இன்று உடைக்க வேண்டும்.

எங்களுடையது சென்னையில் 1990களில் கட்டிய அடுக்குமாடி வீடு. குளியலறை 5 அடிக்கு 8 அடி, நடுவில் ஒரே ஒரு பல்பு. என் அம்மா இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து போவார். சுவிட்சைத் தட்டியதும் உள்ளங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டு வாசற்படியிலேயே சில நொடிகள் நின்றுவிடுவார். ஈரத்தரைக்கு முன்னால் கண் கூசி நிற்கும் எழுபத்தைந்து வயதுக்காரரைப் பார்த்தபிறகுதான் ஒளியைக் குறைக்கும் ஏற்பாடு வேண்டும் என்று தோன்றியது. அந்த வேலையில் இரண்டு முறை பணத்தை வீணாக்கிவிட்டுக் கற்றுக்கொண்டவை இவை.

ஒரு எச்சரிக்கையை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி, விளக்கு, விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை இருந்த இடத்திலேயே அதே தன்மையில் மாற்றுவதை வீட்டுக்காரரே செய்துகொள்ளலாம். புது வயரிங், புதுப் பாயிண்ட், இருக்கிற இணைப்பில் மாற்றம் ஆகியவை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் வேலை. ஆகவே கீழே சொல்வதில் பாதி நீங்கள் செய்வதற்கு. மீதிப் பாதி, செய்கிறவர் பக்கத்தில் நின்று சரியான கேள்வியைக் கேட்பதற்கு.

முதலில் அண்ணாந்து பாருங்கள்

அடுக்குமாடியில் நம் குளியலறையின் கூரை என்பது மாடி வீட்டுக் குளியலறையின் தரை. பல கட்டடங்களில் மேல்வீட்டின் கழிவுநீர்க் குழாய்கள் நம் தலைக்கு மேல்தான் ஓடுகின்றன. புதுப்பிக்கும்போது அவற்றை மறைக்க ஃபால்ஸ் சீலிங் போடுகிறோம், அதில் விளக்கைப் பதிக்கிறோம். குழாய் ஒழுகினால் தண்ணீர் முதலில் தேடுகிற பள்ளம் விளக்குக்காக நாம் போட்ட ஓட்டைதான்.

எனவே விளக்குக் கடைக்குப் போகும் முன், பழைய கூரையைப் பகலில் டார்ச் அடித்துப் பாருங்கள். பெயிண்ட் உரிந்திருக்கிறதா, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா, பழுப்பு வளையம் தெரிகிறதா? தெரிந்தால் அதன் விளிம்பைப் பென்சிலால் வரைந்து பக்கத்தில் தேதி எழுதுங்கள். பத்து நாள் கழித்துக் கறை கோட்டைத் தாண்டியிருந்தால் ஒழுக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அப்போது முதல் வேலை மேல்வீட்டுக்காரரோடு பேசுவது. அது எத்தனை சங்கடமாக இருந்தாலும் சரி. சீலிங்கை மூடிவிட்டுப் பேசினால் சங்கடம் இரட்டிப்பாகும்.

கான்கிரீட்டுக்குள் புதைந்த பழைய கான்டியூட் பைப்பும் (வயர் போகும் குழாய்) தண்ணீருக்கு ஒரு வழி. எங்கள் பழைய ஹோல்டரைக் கழற்றியபோது, அதன் திருகுகள் துருப்பிடித்து, செம்புக் கம்பியின் நுனி பச்சை பூத்திருந்தது. பல வருடமாக ஈரம் அந்த வழியே இறங்கிக்கொண்டிருந்தது. பல்பு மட்டும் விசுவாசமாக எரிந்துகொண்டிருந்தது. இப்படிப் பச்சை பூத்த நுனியில் புது விளக்கை இணைக்காதீர்கள். நல்ல செம்பு தெரியும்வரை வெட்டியெடுக்க வேண்டும். வயர் நீளம் போதாவிட்டால் புதிதாக இழுக்க வேண்டும்.

விளக்கு எங்கே வர வேண்டும்

அறையின் நடுவில் ஒரே விளக்கு என்பது வயரிங்குக்கு வசதி, முகத்துக்கு வசதியில்லை. கண்ணாடி முன் நின்றால் அது நம் பின்தலைக்கு நேராக வரும். முகச்சவரம் செய்கிறவர் தன் நிழலில் தானே நின்று கன்னத்தைக் கீறிக்கொள்வார். கண்ணாடிக்கு மேலேயோ இரு பக்கத்திலுமோ தனி விளக்கு இருக்கட்டும்; கூரை விளக்குகள் பொது வெளிச்சத்துக்கு மட்டும்.

இடம் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. இரவில் பழைய விளக்கை அணைத்துவிட்டு, நீங்கள் கண்ணாடி முன் நில்லுங்கள். வீட்டில் இன்னொருவர் ஸ்டூலில் ஏறி, செல்போன் டார்ச்சைக் கூரையை ஒட்டிப் பிடித்து அங்கும் இங்கும் நகர்த்தட்டும். நிழல் எங்கே விழுகிறது, குளிக்கும் இடம் இருட்டாகிறதா, கம்மோடில் உட்கார்ந்தால் கண்ணில் அடிக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கூரையில் அந்த இடங்களைச் சாக்பீஸால் குறித்துவிடுங்கள்.

எத்தனை விளக்கு? எங்களுடையதைப் போன்ற 40 சதுர அடி அறைக்கு மொத்தம் 1,000 முதல் 1,300 லூமென் (வெளிச்சத்தின் அளவு) தாராளம். கூரையில் பதிக்கும் 7 வாட் எல்இடி டவுன்லைட் ஒன்று ஏறத்தாழ 600 லூமென் தரும். ஆக இரண்டு போதும். கருஞ்சாம்பல் டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் மூன்று வைக்கலாம், இருண்ட சுவர் ஒளியை விழுங்கும். கடைக்காரர் வாட்டைச் சொல்வார். நீங்கள் பெட்டியில் லூமெனைப் படியுங்கள்.

ஒளியின் நிறத்தில் நம்மூர்க் கடைகளுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. எதுவும் சொல்லாவிட்டால் 6500 கெல்வின் நீல வெள்ளையைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஒளியைக் குறைக்கப் போகிறீர்கள் என்றால் அது வேண்டாம். குண்டு பல்பைக் குறைத்தால் நிறமும் தணிந்து ஆரஞ்சுக்குப் போகும். சாதாரண எல்இடியைக் குறைத்தால் நிறம் அப்படியே இருக்கும், அளவு மட்டும் குறையும். மங்கிய நீல வெள்ளை, நள்ளிரவு ஆஸ்பத்திரி வராந்தாபோல இருக்கும். கெல்வின் எண் குறையக் குறைய ஒளியில் மஞ்சள் கூடும்; 3000 அல்லது 4000 கெல்வினில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கண்ணாடி விளக்கையும் அதே நிறத்தில் வாங்குங்கள். சிறிய அறையில் இரண்டு வெள்ளைகள் கலந்தால் ஒன்று அழுக்காகத் தெரியும். கண்ணாடி விளக்குக்கு மட்டும் சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90 கேளுங்கள். தோல் நிறம் சரியாகத் தெரியும்.

தண்ணீர் எவ்வளவு தூரம் தெறிக்கும்

பெட்டியில் ஐபி20, ஐபி44, ஐபி65 என்று எழுதியிருக்கும். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்கும்; 5 என்றால் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும். ஐபி20க்குத் தண்ணீர்ப் பாதுகாப்பே இல்லை. அது படுக்கையறைச் சரக்கு.

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐஇசியின் தரநிலை குளியலறையை மண்டலங்களாகப் பிரிக்கிறது. நம் வீடுகளைப்போலத் தடுப்புத் தொட்டி இல்லாமல் தரையிலேயே குளிக்கும் அறையில், ஷவர் நீர் வரும் இடத்திலிருந்து சுற்றிலும் 1.2 மீட்டர், தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரை உள்ள பகுதி கவனத்துக்குரிய முதல் மண்டலம். ஷவர் அதைவிட உயரமாக இருந்தால் அந்த உயரம் வரை. அங்கே இரண்டாவது எண் குறைந்தது 4 ஆக இருக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கை ஏழரை அடியில் போட்டால் அது 2.29 மீட்டர், அதாவது கூரை மண்டலத்துக்கு வெளியே நாலே சென்டிமீட்டர். காகிதத்தில் தப்பித்துவிட்டோம். ஆனால் ஹெல்த் பாசெட் கையில் கிடைத்த ஐந்து வயதுப் பையனுக்கு ஐஇசி தெரியாது. அதன் நீர் எளிதாகக் கூரையைத் தொடும். குளிக்கும் இடத்துக்கு மேல் ஐபி65, மற்ற இடத்தில் ஐபி44 என்று வையுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய தந்திரம் ஒன்று: பல டவுன்லைட்டுகளில் அந்த எண் கீழே தெரியும் முகத்துக்கு மட்டுமே. பின்புறமும், கூடவே தொங்கும் டிரைவர் பெட்டியும் (வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தருவது) ஐபி20தான். மேலிருந்து சொட்டினால் ஐபி65 என்ற எழுத்து காப்பாற்றாது. கூரைக் கறைக்குப் பென்சில் கோடு போடச் சொன்னது இதற்காகவும்தான்.

ஒளியைக் குறைப்பது: டிம்மரை முதலில் வாங்காதீர்கள்

நான் செய்த முதல் தவறு இதுதான். ஒளியைக் கூட்டிக் குறைக்கும், அழகான சுழல் குமிழ் கொண்ட டிம்மர் ஒன்றைக் கடையில் பார்த்தேன், வாங்கினேன், ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த விளக்குகளோடு இணைக்கச் சொன்னேன். குமிழைப் பாதி திருப்பும்வரை ஒளியில் எந்த மாற்றமும் இல்லை. அதற்குப் பிறகு பழைய டியூப்லைட் ஸ்டார்ட்டர்போலத் துடித்தது. கூடவே சுவருக்குள் வண்டு ரீங்கரிப்பதுபோல ஒரு சத்தம். மூன்றாவது வாரத்தில் ஒரு டிரைவர் போய்விட்டது.

காரணம் எளிமையானது. நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மேடுகள், ஆக நொடிக்கு 100 மேடுகள். டிம்மர் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் ஒரு துண்டை வெட்டிவிடுகிறது. குண்டு பல்புக்கு அது போதும்; இழை குறைவாகச் சூடாகும், மங்கலாக எரியும். எல்இடியில் நடுவே டிரைவர் என்ற ஆள் உட்கார்ந்திருக்கிறார். வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் ஒளி மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. '100 முதல் 300 வோல்ட் வரை ஒரே வெளிச்சம்' என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருப்பார்களே, அதுதான். டிம்மர் வெட்ட வெட்ட, அவர் ஈடுகட்டிக்கொண்டே இருப்பார். முடியாத கட்டத்தில் துடிக்கத் தொடங்குவார்.

ஆகவே ஒளியைக் குறைக்க முடியுமா என்பதைத் தீர்மானிப்பது சுவரில் இருக்கும் குமிழ் அல்ல, கூரைக்குள் இருக்கும் டிரைவர். பெட்டியில் 'டிம்மபிள்' என்று எழுதியிருக்கும் விளக்கை முதலில் தேர்ந்தெடுங்கள். எந்த வகை டிம்மர் அதற்குப் பொருந்தும் என்பதைத் தயாரிப்பாளரின் குறிப்பில் படியுங்கள். அப்புறம்தான் டிம்மர்.

டிம்மரில் இரண்டு வகை முக்கியம். மேட்டின் முன்பகுதியை வெட்டுவது டிரயாக் எனப்படும் லீடிங் எட்ஜ். குண்டு பல்பு காலத்துச் சரக்கு, விலை குறைவு. பின்பகுதியை வெட்டுவது டிரெய்லிங் எட்ஜ். எல்இடி டிரைவர்களோடு பெரும்பாலும் அமைதியாக ஒத்துப்போகும், சத்தமும் குறைவு. டிரைவர் எதைக் கேட்கிறதோ அதையே வாங்க வேண்டும்.

இன்னொரு எண்ணையும் பாருங்கள்: குறைந்தபட்சச் சுமை. பழைய வகை டிம்மர்கள் சிலவற்றுக்கு 40 வாட்டாவது இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். நம்முடைய இரண்டு விளக்கும் சேர்ந்து 14 வாட். யானைக்கட்டும் சங்கிலியில் ஆட்டுக்குட்டியைக் கட்டிய கதைதான். எல்இடிக்கென்று குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று தனியாக எழுதியிருக்கும் டிம்மரைத் தேடுங்கள்.

ஃபேன் ரெகுலேட்டரை டிம்மராகப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். அது விசிறி மோட்டாருக்கானது. அதேபோல, பழைய வீடுகளில் விளக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனும் ஒரே சுவிட்சில் இருக்கும். அந்தச் சுவிட்சை டிம்மராக மாற்றினால் ஃபேன் மோட்டார் உறுமிச் சூடேறும். ஃபேனைத் தனிச் சுவிட்சுக்குப் பிரித்த பிறகுதான் டிம்மர்.

சரி, டிம்மர் வேண்டுமா என்பதே ஒரு கேள்வி. இரவில் கண் கூசாமல் இருப்பது மட்டும் தேவை என்றால், ஒரு வாட்டோ மூன்று வாட்டோ உள்ள சின்ன விளக்கைக் கம்மோடுக்கு எதிர்மூலையில் பதித்து, அதற்குத் தனிச் சுவிட்ச் கொடுத்துவிடுங்கள். ஒரு வயர் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். துடிப்பில்லை, ரீங்காரமில்லை, பொருத்தம் பார்க்க வேண்டியதில்லை. பெரும்பாலான வீடுகளுக்கு என் சிபாரிசு இதுதான். சுவரை உடைக்கவே முடியாதவர்களுக்கு, சுவிட்சை அணைத்து உடனே போட்டால் ஒளி படிப்படியாகக் குறையும் எல்இடிகள் கிடைக்கின்றன. வயரிங்கில் கை வைக்க வேண்டாம். ஆனால் எத்தனையாவது தட்டில் எவ்வளவு ஒளி என்பது விருந்தாளிக்கும் தெரியாது, தூக்கக் கலக்கத்தில் நமக்கும் நினைவிருக்காது.

எங்கள் வீட்டில் கடைசியில் இரண்டையும் வைத்தேன். அம்மா சின்ன விளக்குச் சுவிட்சைத்தான் தட்டுகிறார். டிம்மரை இன்றுவரை திருப்புவது நான் மட்டுமே.

சுவருக்குள் போக வேண்டியவை

கொத்தனார் பழைய டைல்ஸைப் பெயர்த்த மறுநாள்தான் எலக்ட்ரீசியனுக்கான நாள். காடி எடுப்பது, பைப் பதிப்பது, பெட்டி வைப்பது எல்லாம் அப்போதே முடிய வேண்டும். விளக்குகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 6 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்) போதும். கீசர் இந்த வழியில் வரவே கூடாது. அதற்குத் தனி வயர், தனி எம்சிபி.

சுவிட்ச் பெட்டிக்கு ஒரு நியூட்ரல் வயரையும் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்; கொண்டுவருவது ஃபேஸ்) கொண்டுவரச் சொல்லுங்கள். சாதாரணச் சுவிட்சுக்கு அது தேவையில்லை என்பதால் பலர் விட்டுவிடுவார்கள். ஆனால் டிம்மர்களில் சில நியூட்ரல் இல்லாமல் இயங்காது. பின்னாளில் சென்சார் வைக்க நினைத்தாலும் வேண்டியிருக்கும். இப்போது சில அடி வயர். டைல்ஸ் ஏறிய பிறகு ஒரு வாரத் தூசி. டிம்மர் லேசாகச் சூடாகும் பொருள், சுவிட்சைவிடத் தடிமனும் கூட. பெட்டியில் அதற்குப் பக்கத்தில் இடம் விடச் சொல்லுங்கள். சுவிட்ச் பெட்டி குளியலறைக்கு வெளியேதான் இருக்க வேண்டும். நம்மூரில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது, நல்ல வழக்கம்.

வீட்டு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால், டைல்ஸ் தரத்தை ஒரு படி குறைத்தாவது அதை முதலில் போடுங்கள். எம்சிபி வயரைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. புது விளக்கு போட்டதும் அது அடிக்கடி விழ ஆரம்பித்தால் விளக்கைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் வேறு ஒரு வழியின் நியூட்ரலை இதனோடு முடிச்சுப் போட்டிருப்பார்கள்.

மின்சாரத்தை நிறுத்துவது

இந்த இடத்தில் மெதுவாகப் படியுங்கள். மெயினை அணைத்தால் எல்லாம் போய்விட்டது என்று நினைப்பதுதான் இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் நடக்கும் ஆபத்தான தவறு. மெயின் போனதும், கரண்ட் போய்விட்டது என்று எண்ணி இன்வெர்ட்டர் உடனே விழித்துக்கொள்ளும். குளியலறை விளக்கு அதன் வழியில் இருந்தால், மெயினை அணைத்த பிறகும் உங்கள் கையில் இருக்கும் வயரில் 230 வோல்ட் ஓடும்.

வரிசை இதுதான்:

1. இன்வெர்ட்டரை அணையுங்கள். முன்பக்கச் சுவிட்சை அணைத்தாலும் சில மாடல்கள் மெயின் மின்சாரத்தை அப்படியே கடத்தும். எனவே இது மட்டும் போதாது.
2. மெயினை அணையுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள், டிபி கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். கரண்ட் இல்லையே என்று யாராவது வந்து மேலே தள்ளிவிடாமல் இருக்க.
3. டெஸ்டரையோ மல்டிமீட்டரையோ முன்கூட்டியே, மின்சாரம் இருக்கும் ஒரு பாயிண்டில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். பிறகு விளக்கு வயரில் பாருங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே, இரண்டிலும் சுழியம் காட்ட வேண்டும். வயரைத் தொடும் முன், மின்சாரம் உள்ள வேறொரு இடத்தில் கருவியை மறுபடி சோதியுங்கள். செத்த டெஸ்டரை நம்பியிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறுதியாகும்.

ஒரு ரூபாய் நாணயம் அளவு ஈரம்கூடத் தரையில் இருக்க வேண்டாம். மர ஏணியோ ஃபைபர் ஏணியோ நல்லது. அலுமினிய ஏணியை இந்த வேலைக்குத் தவிர்த்துவிடுங்கள்.

கழற்றும் முன் வயர்களைச் செல்போனில் படம் எடுங்கள். பழைய வீட்டில் நிறத்தை நம்பவே கூடாது. சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது முறை. கையில் மீந்த சுருளை இழுப்பது நடைமுறை. எங்கள் கூரையில் இரண்டு வயரும் மஞ்சள். அதைவிட மோசம், சுவிட்ச் ஃபேஸை வெட்டாமல் நியூட்ரலை வெட்டிக்கொண்டிருந்தது. அதாவது விளக்கு அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் ஃபேஸ் காத்திருந்தது. எல்இடி போட்டபின் இப்படிப்பட்ட இணைப்பு உங்களுக்கு ஒரு துப்புக் கொடுக்கும்: அணைத்த பிறகும் விளக்கு மின்மினிபோல மங்கலாக எரியும். அணைந்திருக்கும்போது மினுக்கும் குட்டிச் சிவப்பு விளக்குள்ள சுவிட்சாலும் இதே விளைவு வரலாம். அது தொந்தரவு மட்டுமே. நியூட்ரல் வெட்டு அப்படியல்ல, திருத்தியே ஆக வேண்டும்.

கழற்றிய பழைய விளக்கு சிஎஃப்எல் என்றால் அதில் பாதரசம் இருக்கிறது. ஏணியிலிருந்து கீழே போடாமல், சமையலறைக் குப்பையோடும் சேர்க்காமல், மின்னணுக் கழிவாகக் கொடுத்துவிடுங்கள்.

ஓட்டை போடுவதும் பொருத்துவதும்

சீலிங் பலகைக்கு பிவிசி பேனலோ, ஈரம் தாங்கும் பச்சை நிற ஜிப்சம் பலகையோ சரி. சாதாரண வெள்ளை ஜிப்சம் ஓராண்டில் வயிறு தள்ளும். பலகையை ஏற்றும் முன் மேலே இருக்கும் உலோகச் சேனல்களைப் படம் எடுத்து, சுவரிலிருந்து எத்தனை அங்குலம் என்று எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் சாக்பீஸால் குறித்த இடத்தில் ஓட்டை போடும்போது அங்கே ஒரு சேனல் சிரிக்கும். குழாய் இணைப்புகளுக்குக் கீழே ஒன்றரை அடிச் சதுரத்தில் திறந்து மூடும் கதவு ஒன்று கட்டாயம் வேண்டும். ஒழுக்கைப் பார்க்கவும் அதுதான் வழி, டிரைவரை மாற்றவும் அதுதான் வழி.

ஓட்டையின் அளவு விளக்குப் பெட்டியில் 'கட்அவுட்' என்று அச்சிட்டிருக்கும். விளக்கின் வெளிவட்டத்தை அளந்து ஓட்டை போட்டால் விளக்கு அப்படியே கீழே வந்துவிடும்; நடந்த கதை. விளக்கு கையில் இல்லாமல் யாரையும் ஓட்டை போட விடாதீர்கள். டிரில்லில் மாட்டும் வட்ட ரம்பத்தை (ஹோல் சா) பலகைக்கு நேராகப் பிடித்து மெதுவாக இறக்க வேண்டும். வயர் ஓட்டைக்குக் கீழே ஓரடியாவது தொங்கட்டும். தரையில் நின்றபடியே இணைப்புப் போடுகிற அளவுக்கு இருந்தால் இன்னும் நல்லது.

இணைப்பு நேரானது. சுவிட்ச் வழியே வரும் ஃபேஸ் டிரைவரின் 'எல்' முனைக்கு, நியூட்ரல் 'என்' முனைக்கு. உலோக உடல் என்றால் எர்த் அவசியம். முறுக்கி டேப் சுற்றுவதோடு விடாமல், கனெக்டரில் இறுக்கி, மூடியுள்ள பெட்டிக்குள் வையுங்கள். ஈரக் காற்றில் டேப்பின் பசை ஒரு கோடையைத் தாண்டாது. இறுக்கிய பிறகு ஒவ்வொரு வயரையும் லேசாக இழுத்துப் பாருங்கள். டிரைவரை விளக்கின் முதுகின்மேல் சாய்க்காமல், குழாய் இணைப்புக்கு நேர்கீழே இல்லாமல், காற்றோட்டமுள்ள பக்கம் தள்ளி வையுங்கள்.

விளக்கின் இருபுறமும் உள்ள ஸ்பிரிங் காதுகளை மேல்நோக்கி மடக்கி ஓட்டைக்குள் நுழைக்க வேண்டும். எலிப்பொறி போன்றது அது. விரலை எடுக்கும் நொடியில் அடிக்கும், ரத்தக்கட்டு ஒரு வாரம் இருக்கும். இரண்டு கட்டை விரலும் வெளிவட்டத்தைத் தள்ளியபடி இருக்க, மற்ற விரல்களை முதலிலேயே விலக்கிக்கொள்ளுங்கள். ஐபி44, ஐபி65 விளக்குகளில் விளிம்புக்கும் பலகைக்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம் வரும். பலர் அதைப் பேக்கிங் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

டிம்மரில் ஃபேஸ் உள்ளே வரும் முனையும், விளக்குக்குப் போகும் முனையும் தனித்தனி. மாற்றிக் கொடுக்காதீர்கள்.

மின்சாரம் வந்த பிறகு

முதலில் ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் குளியலறையை யாரும் பயன்படுத்த வேண்டாம்.

பிறகு டிம்மரை மெதுவாகக் கீழே கொண்டுபோங்கள். எந்த இடத்தில் துடிக்கிறது அல்லது சட்டென்று அணைகிறது என்று பாருங்கள். நல்ல டிம்மர்களில் குறைந்தபட்ச ஒளியை அமைக்கச் சின்னத் திருகு ஒன்று இருக்கும். துடிக்கும் இடத்துக்குச் சற்று மேலே அதை நிறுத்திவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத துடிப்பைப் பிடிக்க, பாதி ஒளியில் ஒரு பென்சிலை முகத்துக்கு முன் விசிறிபோல வேகமாக ஆட்டுங்கள். ஒரே மங்கலான பட்டையாகத் தெரிந்தால் சரி. பத்துப் பென்சில்கள் தனித்தனியாக நிற்பதுபோலத் தெரிந்தால் விளக்கு துடிக்கிறது. டிரைவருக்கும் டிம்மருக்கும் ஒத்துவரவில்லை. மாற்றிக் கேளுங்கள். பில்லைத் தூக்கிப்போடாமல் வைத்திருங்கள் என்பது இதற்குத்தான்.

இன்வெர்ட்டரில் ஓடும்போதும் ஒரு முறை சோதியுங்கள். சைன் அலை இன்வெர்ட்டரில் சிக்கல் வராது. சதுர அலை வகையில் டிம்மர் ரீங்கரிக்கலாம், தாறுமாறாக நடக்கலாம். அப்படியானால் கரண்ட் இல்லாத நேரத்தில் சின்ன விளக்கு மட்டும் எரியும்படி வழியை மாற்றச் சொல்லுங்கள்.

கடைசிச் சோதனைக்கு வெந்நீர் வேண்டும். கதவைச் சாத்தி, வாளி நிறைய வெந்நீர் பிடித்து, நிதானமாகக் குளியுங்கள். முடிந்ததும் விளக்குக் கண்ணாடியின் உட்புறத்தைப் பாருங்கள். வெளியே பனித்திருந்தால் துடைத்தால் போகும். உள்ளே பனித்திருந்தால் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை. கழற்றி மறுபடி பொருத்துங்கள்.

விளக்குப் பெட்டியைத் தூக்கிப்போடும் முன், மாடல் எண்ணும் கட்அவுட் அளவும் அச்சிட்ட பக்கத்தைக் கத்தரித்து, டிம்மரின் மாடல் எண்ணையும் அதில் எழுதி, டிபி கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் இரண்டாவது டிரைவர் போனபோது, ஏணியில் ஏறாமலேயே கடைக்குப் போய் வாங்கிவர முடிந்தது அந்த அட்டைத் துண்டால்தான்.